அவருக்கும் ஓர் உருண்டை லேகியம்

அடையாறில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். காலையில் வெறும் வயிற்றோடு வந்து உட்காருகிறவர்களின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டித் தேடி, ஊசி போட்டு ரத்தம் எடுக்க வேண்டும். பிறகு உள்ளே போய் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்க வேண்டும். "லேசா எறும்பு கடிக்கற மாதிரி இருக்கும்" என்று ஒரு நாளைக்கு ஐம்பது தடவை பொய் சொல்வேன். ஊர் ரத்தத்தையெல்லாம் அளந்து சொல்கிற எனக்கு என் ரத்தம் எட்டு கிராமுக்கு மேல் ஏறவில்லை. ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது நான்தான்.

ரத்தம் போன கதை கொஞ்சம் நீளமானது. மூத்தவள் பிறந்ததும் காப்பர்-டி போட்டார்கள். அது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மாதத்தில் பத்து நாள் போய்க்கொண்டே இருந்தது. அதை எடுத்துவிட்டு மாத்திரைக்கு மாறினேன். மாத்திரை மண்டையைப் பிளந்தது. எதைப் போடுவது, எதை எடுப்பது, எதை விழுங்குவது என்பதெல்லாம் என் பாடாகவே இருந்தது. என் கணவர் நல்ல மனிதர். "உனுக்கு எது சரின்னு படுதோ அத்த செய், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்பார். அந்தப் பெருந்தன்மையைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இரண்டாவது பிரசவம் தீபாவளிக்கு முந்தைய வாரம். முதல் தடவைபோலவே சிசேரியன் என்று முடிவாகிவிட்டது. கையோடு கருத்தடை ஆபரேஷனையும் செய்துவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னார். நானும் சந்தோஷமாகத் தலையாட்டி, நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன். நர்ஸ் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வீட்டுக்காரர் கையெழுத்து எங்கம்மா?" என்றார். அந்த ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள்.

வீட்டுக்காரர் தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் சேல்ஸ்மேன். நாலாவது மாடி, பட்டுப் பிரிவு. உள்ளே நுழையும்போதே செல்போனைக் கீழே பெட்டியில் போட்டுவிட்டுத்தான் மாடி ஏற வேண்டும். அதுவும் தீபாவளிக் கூட்டம். மணி அடித்தால் பெட்டிதான் கேட்கும்.

"என் வயிறுதானே சிஸ்டர், என் கையெழுத்து போதாதா?" என்று கேட்டேன்.

"ரூல்ஸும்மா" என்றார். அவரிடம் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது?

மாமியார் ஆட்டோ பிடித்துத் தி.நகருக்கு ஓடினார். அவர் மகனைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்து சேர்வதற்குள் எனக்கு ரத்தப்போக்கு தொடங்கிவிட்டது. உடனே உள்ளே கொண்டுபோய்க் குழந்தையை எடுத்து, ஆளைப் பிழைக்க வைத்தால் போதும் என்று அவசரமாகத் தைத்துவிட்டார்கள். இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். கருத்தடை நடக்கவில்லை. மயக்கம் தெளிந்து நான் முதலில் பார்த்தது, கழுத்தில் கடையின் அடையாள அட்டை தொங்க, கையில் மூடி திறந்த பேனாவோடு நின்றுகொண்டிருந்த என் கணவரைத்தான். பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

குழந்தைக்கு ஐந்து மாதம் ஆனபோது டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். இன்னொரு பிள்ளை என் உடம்பு தாங்காது. ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டும். ஆனால் ஏற்கெனவே இரண்டு முறை கிழித்த வயிறு, ரத்தமும் இல்லை, அதனால் எனக்குச் செய்வது அவருக்கே யோசனையாக இருந்தது. சட்டென்று என் கணவர் பக்கம் திரும்பினார். "ஏன் சார், நீங்க பண்ணிக்கலாமே? பத்து இருபது நிமிஷ வேலை. தையல்கூடக் கிடையாது."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், கேள்வி என்னிடம் கேட்கப்பட்டதுபோல. இந்த ஒரு பதிலையாவது அவரே சொல்லட்டும் என்று சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யோசிச்சி சொல்றேன் மேடம்" என்றார்.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் மாமியார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "இன்னாமா இது அநியாயமாக் கீது! மாடி மாடியா மூட்ட தூக்கறவன். நரம்பத் தொட்டா ஆளே படுத்துக்குவான். ஆம்பள பண்ணிக்கினான்னு எங்கனா கேட்டுக்கிறியா நீ?" உண்மையைச் சொன்னால், மறுபடியும் அந்த மேஜையில் ஏற எனக்குப் பயமாக இருந்தது. ஊசி குத்துகிறவள் பயப்படலாமா என்று கேட்பார்கள் என்பதால் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

என் கணவர் மனம் மாறியது எங்கள் வீட்டுப் படிக்கட்டில். மந்தைவெளியில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம், லிஃப்ட் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறியவள், பாதியில் கண் இருட்டி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் காய்கறிப் பையோடு வந்தவர் எனக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தார்.

"நான் ஒரு நாளைக்கு நூறு வாட்டி மாடி ஏறி எறங்கறேன்" என்றார். "உன்னால இருபது படி ஏற முடியல. உன்ன மறுபடியும் அந்த டேபிள்ல ஏத்த மாட்டேன். நான் போறேன்."

"அத்த என்ன சொல்வாங்களோ" என்றேன்.

"பண்ணிக்கினு வந்து சொல்லிக்கலாம்."

ரத்தத்தைப் பார்த்தாலே மயங்குகிற மனிதர் அவர். கல்யாணமான இத்தனை வருடத்தில் என்னைக் கூட்டிப்போக வரும்போதெல்லாம் எங்கள் கூடத்தின் வரவேற்பறையைத் தாண்டி ஓர் அடி வைத்ததில்லை. அன்று எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. படிக்கட்டில் ஆள் வந்துகொண்டிருந்ததால் காய்கறிப் பையை வாங்கிக்கொண்டேன். அதையும் அவர் திரும்பப் பிடுங்கிக்கொண்டார்.

பங்குனி மாதத்தில் ஒரு காலை ஆஸ்பத்திரிக்குப் போனோம். கடையில் குடலிறக்கம் என்று சொல்லி நாலு நாள் லீவு போட்டிருந்தார். நான் மறக்காமல் ஒரு நல்ல பேனாவைக் கைப்பையில் எடுத்துப் போயிருந்தேன். அவர் கையெழுத்துப் போட்டு முடித்ததும் தாளை என் பக்கம் இழுத்து, "நான் எங்க போடணும்?" என்று கேட்டேன். அங்கிருந்த நர்ஸ் சிரித்துவிட்டார். "நீங்க எதுக்கும்மா? அவர் ஒடம்பு, அவர் போட்டாப் போதும்." நானும் சிரித்துவைத்தேன். பேனாவைப் பையில் போட்டபோது ஜிப்பை இழுத்த இழுப்பில் அது அறுந்தே போனது.

வெளியே வந்தவர் ஜாக்கிரதையாக நடந்தார். "எறும்பு கடிக்கற மாதிரின்னாங்க" என்றார். "நீங்கல்லாம் சேந்து ஊர ஏமாத்தறீங்க."

மாமியாரிடம் அன்று சாயங்காலம் சொன்னோம். அவர் அழுதார், மூக்கைச் சிந்தினார், என்னோடு பேசவில்லை. மறுநாள் காலை சொல்லாமல் கொள்ளாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார். கோபித்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்றே நினைத்தேன். இரண்டு மணி நேரம் கழித்து மயிலாப்பூர் நாட்டு மருந்துக் கடையிலிருந்து சுக்கு, திப்பிலி, ஓமம், கருப்பட்டி என்று பை நிறைய வாங்கிக்கொண்டு படியேறி வந்தார். அடுப்பைப் பற்றவைத்தார். வீடு முழுக்கப் பிரசவ வீட்டு வாசனை.

"இன்னாத்த பண்றீங்க?" என்றேன். அவரோடு பேசினால் எனக்கும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொள்ளும்.

"லேகியம்."

"எனக்குப் பிரசவமாகி ஆறு மாசமாகப் போகுதே அத்த?"

"உனுக்கு இல்லமா, அவனுக்கு" என்றார் அலுப்போடு. "கருத்தட ஆப்ரேசன் பண்ணிக்கினான் இல்ல? பத்தியம் பாக்க வேணாமா? பச்ச ஒடம்பு!"

அவருக்குத் தெரிந்த வரையில் அந்த ஆபரேஷன் பிரசவத்தோடு ஒட்டி வருவது. அதைச் செய்துகொண்டவர்களுக்கு என்னென்ன செய்வார்களோ அத்தனையும் மகனுக்குச் செய்தார். பூண்டுக் குழம்பு, சுண்டைக்காய் வற்றல், வெந்நீர். புளிப்புக் கூடாது, குளிர்ந்த காற்றுக் கூடாது. ஃபேன் போட்டால் காதில் பஞ்சு வைத்துக்கொள்ள வேண்டும். பழைய நூல் புடவையைக் கிழித்து வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டியும் விட்டார். "கட்டலன்னா தொப்ப வுழும்டா." அந்தத் தொப்பை விழுந்து எத்தனையோ வருடமாகிறது என்று சொல்ல யாருக்கும் தைரியமில்லை. என் கணவர் காதில் பஞ்சோடும் வயிற்றில் கட்டோடும் உட்கார்ந்து, "யம்மா, நான் புள்ள பெறலமா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். நான் சமையலறைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

சிரித்து முடிப்பதற்குள் மாமியார் என்னையும் கூப்பிட்டார். இரண்டு உருண்டை உருட்டி வைத்திருந்தார். "ரெண்டு பேரும் வாயத் தொறங்க" என்றார். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஆறு மாதத்துக்கு முன்னால் நான் பெற்றபோது, இருந்த களேபரத்தில் லேகியம் கிளற யாருக்கும் நேரமில்லை. அது மாமியாருக்கு நினைவிருந்திருக்கிறது. காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது என்று சொல்லிக்கொண்டேன்.

ஆபரேஷனோடு எல்லாம் முடிந்துவிடாது. மூன்று மாதம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அதன் பிறகு ஒரு டப்பாவில் விந்தைப் பிடித்துக் கொடுத்து, அதில் உயிரணு ஒன்றுகூட இல்லை என்று ரிப்போர்ட் வந்தால்தான் நிம்மதி. இது எனக்குத் தெரியும். அந்த டப்பாக்கள் வந்து சேருகிற இடத்தில்தானே வேலை பார்க்கிறேன்! அதுதான் என் கணவருக்குச் சிக்கலாகிப்போனது. "உன் ஆளுங்க முன்னாடி டப்பாவத் தூக்கிக்கினு வர்றதா?" என்றார். சரி, வேறு இடத்தில் கொடுங்கள் என்றேன். போகிறேன், போகிறேன் என்றார். ஆடி பிறந்தது. ஆடித் தள்ளுபடியில் தி.நகரில் சேல்ஸ்மேனுக்குச் சாப்பிடவே நேரமிருக்காது. டெஸ்டுக்கு ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த சீட்டு சாமி படத்துக்குப் பின்னால் செருகியபடியே இருந்தது. நானும் துரத்தவில்லை. மூன்று மாதம்தான் கடந்துவிட்டதே, இனி என்ன என்று நாங்கள் அசட்டையாகவும் இருந்துவிட்டோம்.

அந்த மாதம் எனக்கு நாள் தள்ளிப்போனது.

ஐந்து நாள், எட்டு நாள், பத்து நாள். கூடத்திலேயே ஒரு கார்டை எடுத்துச் சிறுநீரைச் சொட்டிப் பார்த்தேன். ஒரே கோடு, இல்லை என்று அர்த்தம். ஆனால் ஒரே கோட்டோடு வந்த எத்தனை பெண்களிடம் "ஒரு வாரம் கழிச்சி மறுபடியும் பாருங்கம்மா" என்று சொல்லியிருக்கிறேன்! ரத்தம் குறைந்த உடம்பு, பால் கொடுக்கிற உடம்பு, தள்ளிப்போகத்தான் செய்யும் என்று மூளை சொன்னது. மனசு கேட்கவில்லை. இருந்தால் மறுபடியும் அந்த மேஜைதான். அது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று பஸ்ஸில் வரும்போது, அடையாறு பாலத்தின் மேல், என்னைப் பிடித்தது. ஆபரேஷன் செய்துகொண்டவனின் பெண்டாட்டி உண்டாகியிருக்கிறாள் என்றால் ஊர் என்ன கேட்கும்? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? வெட்டியது அவர் உடம்பில், டெஸ்டுக்குப் போகாமல் இருந்தது அவர், பதில் சொல்ல வேண்டியது மட்டும் நான். நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தோடேயே வீட்டுக்குப் போய், யாரிடமும் பேசாமல் பாத்திரத்தைப் போட்டு உருட்டினேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். தினமும் சாமி விளக்கை நான்தான் ஏற்றுவேன். வீட்டுக்குத் தூரமான நாட்களில் நான் சாமி அலமாரிப் பக்கம் போகாமல் இருக்க, மாமியார் ஏற்றுவார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. மூன்று நாள் ஒரு வேலை குறைகிறதே என்று விட்டுவைத்திருந்தேன். இந்த வழக்கத்தால் என் கணக்கு மாமியாருக்கும் தெரியும் என்பதை யோசிக்கவில்லை.

ஒரு காலை நான் விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்பினால், அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். என் கணவர் குளித்துவிட்டுச் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இந்த மாசம் நான் வெளக்கே ஏத்தலியே" என்றார் மாமியார்.

"தள்ளிப் போயிருக்கு அத்த. பத்து நாளுக்கு மேல ஆச்சு" என்றேன். அடுத்த வார்த்தை என்ன வருமோ என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் என் மோவாயைப் பிடித்துத் தூக்கி, கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நான் வேலை செய்யும் இடத்தில் டாக்டர்கள் பார்ப்பதுபோலவே பார்த்தார். "வெளுத்துக் கீது. உன் ஒடம்புல ரத்தம் கீதாமா? அத்த சொல்லு மொதல்ல" என்றார். "மத்தது இருக்கட்டும். வந்திருந்தா அது எம்புள்ள புள்ள. எவளாச்சும் வாயத் தொறந்தா என்னாண்ட வரட்டும்."

நான் அப்படியே அவர் தோளில் சாய்ந்து அழுதேன். கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தோளில் சாய்ந்ததில்லை. அவர் என் முதுகைத் தட்டிக்கொண்டே மகன் பக்கம் திரும்பினார்.

"டெஸ்டுக்குச் சீட்டு குடுத்தாங்களே, போனியாடா?"

"ஆடி சேல்ஸும்மா..."

"இன்னாடா ஆடி? பத்து பேரு கை வெச்சிப் பாத்த ஒடம்புடா அவுளுது. ரெண்டு வாட்டி கீறி எடுத்தாங்க. ஒரு நாளாச்சும் வெக்கமா கீதுன்னு சொன்னாளா? உனுக்கு ஒரு டப்பா குடுக்க வெக்கமா?"

அவர் பித்தானைத் தப்பான துளையில் போட்டபடியே நின்றுகொண்டிருந்தார். நான் முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன்.

பத்து மணி இருக்கும். கூடத்தில் நல்ல கூட்டம், நாற்காலிகள் நிறைந்திருந்தன. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவர் உள்ளே வந்தார். வேர்த்து விறுவிறுத்திருந்தது. வலது கை சட்டைப் பையைப் பொத்திக்கொண்டிருந்தது. சாம்பிளை ஒரு மணி நேரத்துக்குள், சூடு ஆறாமல் கொண்டுவர வேண்டும் என்று சீட்டில் போட்டிருக்கும். அதைப் படித்திருக்கிறார். வரவேற்பில் இருந்த பெண் அவருக்குப் பழக்கம். "அக்காவக் கூப்பிடவாண்ணா?" என்றாள்.

"அக்காவுக்கு இல்லம்மா, எனக்குத்தான்" என்று கைக்குட்டையில் சுற்றிய டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். "கருத்தட ஆப்ரேசன் பண்ணிக்கினேன். சரியா ஆச்சான்னு பாக்கணும்."

மெதுவாகப் பேச அவருக்கு வராது. கடையில் கூவிக் கூவிப் பழகிய குரல். வரிசையில் இருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு வயதானவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டே பார்த்தார். நான் ரத்தம் எடுக்கும் அறையின் திரைக்குப் பக்கத்தில் நின்றபடி, என் கணவர் காது சிவந்து நிற்பதைப் பார்த்தேன். அவர்மேல் அன்று எனக்கு வந்த பிரியத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நிறைய வந்தது.

எங்கள் மேடத்திடம் டப்பாவைக் கொண்டுபோய் வைத்து யாருடையது என்று சொன்னேன். அவர்தான் எங்கள் கூடத்தின் டாக்டர். "நான் பார்க்கட்டுமா, நீயே பார்க்கறியா?" என்றார். "நானே பார்க்கறேன் மேடம், அப்புறம் நீங்களும் பாருங்க" என்றேன்.

பிள்ளையில்லை என்று வருகிறவர்களின் ஸ்லைடுகளைத்தான் இத்தனை வருடமும் பார்த்திருக்கிறேன். ஒன்றுமே தெரியாத ஸ்லைடு என்றால் ஒரு குடும்பமே உடைந்துபோகும். அந்த ரிப்போர்ட்டை வாங்கிப் போய் ஒளித்துவைத்துவிட்டு, பெண்டாட்டியைக் கோவில் கோவிலாகச் சுற்றவிட்டவர்களையும் எனக்குத் தெரியும். அதனால் அப்படி ஒரு ஸ்லைடு கிடைத்தாலே எனக்குச் சங்கடமாக இருக்கும். அன்று நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மெஷினில் சுழற்றி, அடியில் தங்கியதை எடுத்துப் புதிதாக ஒரு ஸ்லைடு போட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஒரு வாலையும் காணோம். மேடம் வந்து குனிந்து நிதானமாகப் பார்த்தார். "கிளீன்" என்றார். என் தோளைத் தட்டி, "ரிப்போர்ட் போடு" என்றார்.

எங்கள் ரிப்போர்ட்டின் அடியில் இரண்டு கையெழுத்து இருக்கும். ஒன்று டாக்டருடையது, இன்னொன்று பரிசோதித்தவருடையது. மேடம் போட்டுவிட்டு என்னிடம் நீட்டினார். ஜிப் அறுந்த அதே கைப்பையிலிருந்து அந்தப் பேனாவைத் தேடி எடுத்து என் பெயரை எழுதினேன். வழக்கமாகக் கிறுக்குவேன். அன்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முழுப் பெயரையும் எழுதினேன்.

அதைப் படித்துவிட்டு என் கணவர் பஸ்ஸைப் பிடித்து ஆடி சேலுக்குப் போய்விட்டார். மாமியாருக்கு நான் போனில் சொன்னேன். "அப்போ இனிமே உன்ன அந்த டேபிள்ல ஏத்த மாட்டாங்கல்ல?" என்றார். மாட்டார்கள் என்றேன். "சரி, வர்றப்போ பேரீச்சம்பழம் வாங்கியா. உனுக்குத்தான்" என்று வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் ஆடி வெள்ளி. விடியும்போதே அடிவயிற்றைப் பிடித்து இழுத்தது. எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அத்த, இன்னிக்கு நீங்க வெளக்கு ஏத்துங்க" என்றேன்.

மாமியார் ஒரு நொடி என்னையே பார்த்தார். பிறகு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த மகனைக் கூப்பிட்டார். "நைனா, இங்க வா. இன்னிக்கு நீ ஏத்து."

"நானா? ஆடி வெள்ளிம்மா. ஆம்பள ஏத்தலாமா?"

"ஆப்ரேசனே பண்ணிக்கினே, வெளக்கு ஏத்த இன்னாடா? ஏத்து."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். திரி எண்ணெயில் மூழ்கிப்போய் மூன்று தீக்குச்சி வீணானது. நான் பாயில் சுருண்டு படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது குச்சியில் பற்றியது. வயிறு நன்றாக வலித்தது. அந்த வலி எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது.